புளி பொறுக்கியதற்குக் கிடைத்த கூலி

1.
இந்தக் கதை எனக்கு ஒரு ஷேர் ஜீப்பில் கிடைத்தது. ஜவ்வாது மலையில் நெல்லிவாசல்நாட்டிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தோம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த சிவசங்கரி டீச்சரின் காலடியில் ஒரு பை புளி. என்ன விலை என்று கேட்டேன். "வாங்கலைங்க. கூலி," என்றார். மலைப் பள்ளியில் கணக்குப் பாடம் எடுக்கும் தற்காலிக ஆசிரியைக்குப் புளி எப்படிக் கூலியாகும்? கேட்டேன், மாட்டிக்கொண்டேன்.

2.
முதல் தொடக்கம்: 'பனி விலகாத ஜவ்வாது மலையின் இளங்காலையில்...' (அடித்துவிட்டேன். புளி உலுக்கும் பருவத்தில் பனி ஏது? வெயில் மண்டையைப் பிளந்தது.)

இரண்டாவது: 'ஆசிரியர் பணியே அறப்பணி என்று...' (இதையும் அடித்தேன். ஏன் என்று பிறகு தெரியும்.)

சரி, நடந்ததையே சொல்கிறேன். புளி உலுக்கும் சமயத்தில்தான் பொதுத்தேர்வும் வரும். பிள்ளைகள் மரத்தடிக்குப் போய்விடுவார்கள். பள்ளி விட்டபிறகு டீச்சர் நடந்து போய் அவர்களைக் கூப்பிட வேண்டும். பத்தாம் வகுப்பு காவியாவைத் தேடிப் போனபோது அவள் அம்மா மங்கம்மாள் குனிந்த தலை நிமிரவில்லை.

"இட்டுனு போங்க டீச்சர், வாணாங்கல. இவ பொறுக்கறத யாரு பொறுக்குவாங்க?"

டீச்சர் முந்தானையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். காவியா பாறைமேல் கணக்குப் போட்டாள். டீச்சர் புளியைப் பொறுக்கிக்கொண்டே அவள் தப்புகளைத் திருத்தினார். பொழுது சாய்ந்ததும், வேலைக்கு வந்தவர்களுக்குப் புளியாகவே பங்கு பிரித்த மங்கம்மாள், டீச்சருக்கும் ஒரு பங்கு வைத்தாள்.

"எனக்கு இன்னாத்துக்குங்க?"

"பொறுக்குனீங்கல்ல? வேல செஞ்சவங்கள வெறுங்கையோட அனுப்பற வழக்கமில்லீங்க."

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: அன்று மாலை டீச்சர் செய்தது இரண்டு வேலை. பொறுக்கியதற்குக் கூலி வந்தது. கணக்குச் சொல்லிக்கொடுத்தது பள்ளி நேரத்துக்கு அப்பால், அதற்கு ஒன்றுமில்லை.)

3.
கீழே ஒரு தனியார் பள்ளியில் அவரைக் கூப்பிடுகிறார்கள். சம்பளம் ஏறக்குறைய இரட்டிப்பு, கோடை விடுமுறைக்கும் உண்டு. உடனே சேர வேண்டும். திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டும். அவர் போய்விட்டால் தேர்வுவரை காவியாவின் வகுப்பில் கணக்குக்கு ஆளில்லை.

என்னிடம் ஒரு முடிவு தயாராக இருந்தது: காவியாவின் முகத்தைப் பார்த்ததும் டீச்சர் மலையிலேயே தங்கிவிடுகிறார். எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. பெருமையோடு அவருக்கு அனுப்பினேன். போன் வந்தது.

"சார், என்ன தியாகி ஆக்கிட்டீங்க."

"நல்லவிதமாத்தானே எழுதியிருக்கேன்?"

"அதாங்க கஷ்டம். படிச்சிட்டுக் கைதட்டுவாங்க. இப்டிப்பட்டவங்களுக்கு சம்பளம் எதுக்குன்னு போய்டுவாங்க."

எனக்குச் சுருக்கென்றது. வேறு முடிவு எழுதினேன்: டீச்சர் போய்விடுகிறார், காவியா கணக்கில் தோற்று...

(நிறுத்திவிட்டேன். ஒருத்தி நல்ல சம்பளத்துக்குப் போனால், அவளைக் குத்திக்காட்ட ஒரு பிள்ளையைத் தோற்கடிக்க வேண்டுமா?)

4.
நாளை திங்கட்கிழமை. என்ன முடிவு செய்தீர்கள் என்று கேட்டேன். "இன்னும் தெரிலீங்க. போனா அந்தப் பொண்ணு மூஞ்சி, இருந்தா எங்க வூட்டு வாடகை," என்றார். மூன்றாவது முடிவை நான் எழுதவில்லை.

முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். அவரை அனுப்பினால், காவியாவின் வகுப்புக்கு யார் வருவார் என்று எழுதுங்கள். இருக்கச் சொன்னால், அவர் சம்பளத்தை யார் உயர்த்துவார் என்று எழுதுங்கள். அந்த இடத்தில் 'அவருடைய நல்ல மனசு' என்று மட்டும் போட்டுவிடாதீர்கள். அதைத்தான் இத்தனை வருடமாக இலவசமாக வாங்கிக்கொண்டிருக்கிறோம்.