நாற்பத்தேழாம் நம்பர் கார்டு

வால்வு மூன்று சுற்று சுற்றியதும் அடம்பிடித்தது. இன்னும் இரண்டு சுற்று பாக்கி. கம்ப்ரஸர் ஆபரேட்டர் ஈரத்துண்டை மூக்கோடு சேர்த்துப் பல்லால் கவ்விக்கொண்டு, இரண்டு கையாலும் சக்கரத்தை நெம்பினார். மிளகாய்ப்பொடி தூவினாற்போலக் கண் எரிந்தது. சைரன் அலறிக்கொண்டே இருந்தது.

"அண்ணே, விட்டுட்டு வாங்கண்ணே" என்று வாசலிலிருந்து ஃபிட்டர் கத்தினான்.

"நீ போடா முதல்ல. நான் பின்பக்கமா வந்துடறேன்."

வால்வு கடைசியாக ஒருமுறை கிறீச்சிட்டு அடங்கியது. அம்மோனியா வருவது நின்றுவிட்டது. ஏற்கெனவே வந்தது மட்டும் குளிர்ப்பதன ஆலை முழுக்கப் பரவிக் கிடந்தது. ஆபரேட்டர் பின்கதவைத் தள்ளிக்கொண்டு லாரிகள் நிற்கும் பக்கம் வந்து விழுந்தார். குழாயடியில் முகத்தைக் காட்டிவிட்டு, முன்புற மைதானத்தை நோக்கி நாலு எட்டு வைத்திருப்பார். அப்போதுதான் சூப்பர்வைசர் அம்மாவின் குரல் கேட்டது.

"கார்டு நம்பர் கூப்பிடறேன். உள்ளேன்னு சொல்லுங்க. ஒண்ணு."

"உள்ளேன்."

ஆபரேட்டரின் கால் தரையில் வேர்விட்டது.

நாற்பத்தேழு. அவருடைய தம்பியின் கார்டு. தம்பி இன்றைக்கு வேலைக்கே வரவில்லை. ஆனால் அவன் கார்டு ஏழு ஐம்பத்தெட்டுக்கு வருகைப்பதிவு மெஷினில் அடிக்கப்பட்டிருந்தது. அடித்தது இவர்தான்.

அந்த ஆலையில் அது ஒரு பழக்கம். முதலில் வருகிறவன் தன் கூட்டாளிகளின் கார்டையெல்லாம் சேர்த்து அடித்துவிடுவான். பதினாறு வருடமாக அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்காத ஒரே ஆள் இவர். ஒரு நாள்கூட லேட் கிடையாது, ஒரு நாள்கூட லீவு கிடையாது. 'கடிகாரம்' என்றுதான் பின்னால் அவரைச் சொல்வார்கள். சில சமயம் முன்னாலும்.

தம்பி வேறு மாதிரி. பத்தொன்பது வயதில் வீட்டைவிட்டுப் போனவன், ஒன்பது வருடம் கழித்துப் போன மாதம்தான் கையை வீசிக்கொண்டு திரும்பி வந்தான். ஆலை கேன்டீனில் டீ போடும் அப்பா, வாசலுக்கு ஓடிப்போய் அவனைக் கட்டிக்கொண்டு அழுதார். புதுச் சட்டை எடுத்துக் கொடுத்தார். சூப்பர்வைசரிடம் கெஞ்சிப் பேக்கிங் ஹாலில் வேலையும் வாங்கிக் கொடுத்தார். அவன் அதற்குள் இரண்டு முறை லேட்டாக வந்து, மூன்றாவது முறை வந்தால் வீட்டுக்குத்தான் என்ற எச்சரிக்கையையும் வாங்கிவிட்டான்.

"அவனைக் கொஞ்சம் பார்த்துக்கோடா" என்று நேற்று அப்பா சொல்லியிருந்தார். ஆபரேட்டர் மனைவி மக்களோடு தனி வீடு. அப்பாவோடு இருப்பது தம்பிதான். காலையில் எட்டடிக்க இரண்டு நிமிடம் இருக்கும்போது தம்பியைக் காணவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு கார்டை அடித்தார். இதோ வந்துவிடுவான் என்று நினைத்தார். ஒன்பதரை மணிக்குக் குழாய் வெடித்தது.

"பன்னிரண்டு" என்றார் சூப்பர்வைசர். ஆபரேட்டரின் நம்பர்.

"உள்ளேன்" என்று ஃபிட்டர் குரல் கொடுத்தான். பின்பக்கமாக வருகிறேன் என்றவர் வந்திருப்பார் என்று அவன் கணக்கு. அதுவும் அந்த ஆலையின் பழக்கம்தான்.

ஆபரேட்டர் ஐஸ் லாரியின் பின்னால் ஒதுங்கினார். சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவில் மைதானம் தெரிந்தது. நம்பர்கள் முப்பதைத் தாண்டின. யோசிக்க அவருக்கு ஒரே ஒரு நிமிடம் வேண்டியிருந்தது. உண்மையைச் சொன்னால் வேலை போகும். வேலையைவிடப் பெரிதாக ஒன்று போகும். 'கடிகாரமும் நம்மளை மாதிரிதானா' என்று எண்பத்து நாலு பேரும் சிரிப்பார்கள்.

அவன் ஊர் சுற்றுவான், நான் தலைகுனியணும். நெஞ்சுக்குள் பழைய நெருப்பு புகைந்தது. போன ஞாயிறு ஆராதனையில் போதகர் காணாமல்போன ஆடு, காணாமல்போன காசு, காணாமல்போன மகன் என்று வரிசையாகப் பிரசங்கம் பண்ணினார். முடிந்ததும் ஆபரேட்டர் அவரை வாசலில் மடக்கினார்.

"ஐயா, அந்த மேய்ப்பர் தொலைஞ்ச ஒரு ஆட்டைத் தேடிப் போனாரே, மத்த தொண்ணூத்தொன்பதை யார் பொறுப்புல விட்டுட்டுப் போனார்?"

"தெரியலையே தம்பி. வேதத்துல அது எழுதலை."

"அந்த ஆடுங்க எதுவும் கேக்காதுன்னு தைரியம்."

"கேட்டிருந்தா உங்களை மாதிரிதான் கேட்டிருக்கும்" என்று சிரித்தார் போதகர். ஆபரேட்டருக்குச் சிரிப்பு வரவில்லை.

"நாற்பத்தேழு."

பதில் இல்லை.

"நாற்பத்தேழு எங்கப்பா? யாராவது பார்த்தீங்களா?"

யாரும் பார்க்கவில்லை. மீதி நம்பர்கள் ஓடி முடிந்தன. "ஒரு ஆள் குறையுது" என்று சூப்பர்வைசர் யாரிடமோ சொன்னார். "கார்டு உள்ளேன்னு காட்டுது. தீயணைப்பு வண்டி வர இன்னும் பத்து நிமிஷம் ஆகும்."

அப்பாவை அப்போதுதான் ஆபரேட்டர் பார்த்தார். கேன்டீன் ஏப்ரனோடு அவர் வரிசை வரிசையாக நடந்துகொண்டிருந்தார். ஒவ்வொரு முகத்தையும் பார்த்தார். திரும்பி நின்றவர்களின் தோளைத் தொட்டுத் திருப்பிப் பார்த்தார். கடைசி வரிசை முடிந்ததும் ஒரு கணம் நின்றார். பிறகு விறுவிறுவென்று கேன்டீன் சுவரிலிருந்த கண்ணாடிப் பெட்டியைத் திறந்து மாஸ்க் ஒன்றை எடுத்தார். யாரோ கையைப் பிடித்தார்கள். உதறிவிட்டு ஆலைக்குள் போய்விட்டார். அறுபத்து மூன்று வயது மனிதர்.

ஆபரேட்டர் லாரியின் பின்னாலிருந்து ஓடிவந்தார்.

"அம்மா, அவன் உள்ள இல்ல. என் தம்பி இன்னிக்கு வரவே இல்ல. கார்டை நான்தான் அடிச்சேன்."

சூப்பர்வைசர் கையிலிருந்த அட்டையைத் தாழ்த்தினார். "யாரு, நீங்களா?"

"நான்தான்."

கூட்டத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. ஃபிட்டர் மட்டும், "அண்ணே, நீங்க இப்பத்தான் வர்றீங்களா?" என்று வாயைப் பிளந்தான். அதற்குள் ஆபரேட்டர் பெட்டியிலிருந்த கடைசி மாஸ்க்கை மாட்டியாயிற்று. அது பத்து நிமிடம் தாங்கும் என்று சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

பேக்கிங் ஹாலில் வெண்புகை இடுப்பளவு நின்றது. தம்பி நிற்கும் ஏழாவது மேஜைக்கு நேராகப் போனார். அப்பா இல்லை. மேஜைக்கு அடியில் பார்த்தார். தராசுகளுக்குப் பின்னால், உடை மாற்றும் அறையில், கழிவறைகளில் பார்த்தார். எங்கும் இல்லை. ஆறு நிமிடம் கரைந்தது. தம்பி இருக்கக்கூடிய இடம் அவ்வளவுதான். அப்பா வேறு எங்கே போயிருக்கப் போகிறார்?

வழி தவறிவிட்டார் என்று முடிவுகட்டினார். கேன்டீனை விட்டால் வேறெதுவும் தெரியாத மனிதர். வந்த வழியே திரும்பினால் நேரம் பத்தாது. பின்கதவுதான் கிட்டம். தன் கம்ப்ரஸர் அறைக்குள் நுழைந்து இரும்புப் படியில் தடதடவென்று இறங்கினார்.

இரண்டாம் நம்பர் மெஷினுக்கு அருகில், வால்வுச் சக்கரத்துக்கு நேர் கீழே, அப்பா குப்புறக் கிடந்தார். மாஸ்க் கழுத்தில் தொங்கியது.

அக்குளில் கைகொடுத்துத் தூக்கியதும், பின்கதவைக் காலால் உதைத்துத் திறந்ததும், வெயிலில் கொண்டுபோய்க் கிடத்தியதும் பிற்பாடு அவருக்கு நினைவில் இல்லை. ஆம்புலன்ஸ்காரர்கள் ஆக்ஸிஜன் வைத்தார்கள். கண்ணைக் கழுவினார்கள். பிழைத்துக்கொள்வார், இன்னும் ஐந்து நிமிடம் போயிருந்தால் சொல்வதற்கில்லை என்றார்கள். சூப்பர்வைசர் சற்றுத் தள்ளி நின்றார். கார்டு விஷயத்தை நாளைக்குப் பேசிக்கொள்ளலாம் என்று அவர் சொன்னதில் கோபமும் இல்லை, மன்னிப்பும் இல்லை.

அப்பா கண்ணைத் திறந்தார். மகன் முகத்தை அடையாளம் கண்டு கையைத் தேடிப் பிடித்தார்.

"அப்பா, மன்னிச்சிடுங்க. முன்னாடியே சொல்லியிருக்கணும். மறைஞ்சு நின்னுட்டேன்."

அப்பா இருமினார்.

"மாஸ்க்கை எதுக்குப்பா கழட்டுனீங்க? செத்துப்போயிருப்பீங்க."

அப்பா ஆக்ஸிஜன் மூடியைக் கொஞ்சம் விலக்கினார். குரல் சல்லடையாகி இருந்தது.

"கூப்பிட்டுப் பார்க்க வேணாமா? அதை மாட்டிக்கிட்டுக் கூப்பிட்டா உனக்கு எப்படிடா கேக்கும்?"

"எனக்கா?"

"வேற யாருக்கு? சின்னவன் வீட்ல காய்ச்சலோட படுத்திருக்கான். நான்தான் மாத்திரை கொடுத்துட்டு வந்தேன். பத்து மணிக்கு டீ கொண்டு வரும்போது லீவு சொல்லிக்கலாம்னு இருந்தேன்." மூச்சு வாங்கியது. கையை மட்டும் விடவில்லை. "உன் நம்பருக்கு எவனோ உள்ளேன்னான். அது உன் குரல் இல்லையே. அதுக்கப்புறம் கூப்பிட்ட எந்த நம்பரும் என் காதுல விழலை. எல்லா மூஞ்சியையும் பார்த்துட்டேன். உன்னைத்தான்டா காணோம்."