திருகாணி அடிக்காத பத்தி

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதை என் சொந்த யோசனை இல்லை. என்னிடம் கேட்டு வந்தார்கள். என் நண்பன் முப்பத்தாறு வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தான். போன மாதம் செத்துப்போனான். (‘காலமானான்’ என்று எழுதி அடித்தேன். அதைப் படித்தால் விழுந்து விழுந்து சிரிப்பான்.) அவனோடு வேலை பார்த்தவர்கள் வந்து, அவனைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். பதினான்கு மாடிக் கட்டடத்தின் உச்சியில், லிஃப்ட் மோட்டார் ஓடும் மெஷின் ரூம் சுவரில் அதை ஒட்டப்போகிறார்களாம்.

“ஒரு பக்கம் போதும் சார். அதுக்கு மேல சுவத்துல இடமில்ல,” என்றார் சூப்பர்வைசர். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே, “இந்தத் தடவை உண்மையா எழுதிக் குடுங்க சார்,” என்றார்.

அந்த ‘இந்தத் தடவை’க்கு விளக்கம் நான்காம் பகுதியில் வரும். தள்ளிப்போடுகிறேன் என்று உங்களுக்குத் தோன்றினால், ஆமாம், தள்ளிப்போடுகிறேன்.

2

முதல் ஆரம்பம்: ‘நாங்கள் இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ——’

வேண்டாம். உலகத்தில் எல்லா நண்பர்களும் ஒரே பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

இரண்டாவது: ‘மரணம் என்பது ——’

அட, சும்மா இரு.

மூன்றாவது: ‘ஒன்பது வயதில் அவன் அந்த பெஞ்சையே கழற்றினான்.’ இது பரவாயில்லை, உண்மையும்கூட. கணக்கு வாத்தியார் பாடம் நடத்திக்கொண்டிருக்க, இவன் அளவுகோல் முனையால் திருகாணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். கடைசித் திருகாணி கையோடு வந்தபோது நாங்கள் நான்கு பேரும் தரையில் கிடந்தோம்.

“எதுல நிக்குதுன்னு பாத்தேன் சார்,” என்றான் வாத்தியாரிடம், ஏதோ அவர் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வதுபோல. அன்றிலிருந்து அவன் பெயர் திருகாணி. அவனைக் காப்பாற்றுவதற்காக நான் எழுந்து, பெஞ்சை எலி கடித்துவிட்டது என்று சாட்சி சொன்னேன். அது இரும்பு பெஞ்ச். அன்றிலிருந்து நான் புளுகன்.

3

என் கதைகளுக்கு முதல் வாசகன் அவன்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் வருவான். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று, “என்ன புளுகியிருக்க, குடு,” என்று கையை நீட்டுவான். வாங்கிக்கொண்டு போய், வாரம் முழுக்க சாப்பாட்டு இடைவேளையில் மெஷின் ரூமில் படிப்பான். கவிழ்த்துப்போட்ட வாளிதான் அவனுக்கு நாற்காலி. ஒவ்வொரு பக்கத்தின் கீழ் மூலையிலும், புரட்டிய இடத்தில், கிரீஸ் படிந்த கட்டைவிரல் ரேகை இருக்கும். அடுத்த ஞாயிறு திருப்பித் தரும்போது ஒரே ஒரு திருத்தம் செய்திருப்பான். கடைசிப் பத்தியின் மேல் குறுக்காக ஒரு பென்சில் கோடு.

“இது வேணாம்டா. கதவு மூடிருச்சு. அப்புறம் எதுக்குப் பட்டனை அமுத்திக்கிட்டே நிக்கிற?”

ஒரு கதைகூடத் தப்பவில்லை. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். யோசித்துப் பார்த்தால் அவன் அடித்தது சரியாக இருக்கும், அதனால் இன்னும் கோபம் வரும். ஏழெட்டு வருடம் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு தந்திரம் செய்தேன். கதையை முடிக்க வேண்டிய இடத்தில் முடித்துவிட்டு, அவன் அடிப்பதற்கென்றே கீழே ஒரு பத்தி சேர்த்தேன். நிலா, காற்று, பெருமூச்சு எல்லாம் தாராளமாகப் போட்டேன். அவனும் திருப்தியாக அடித்துக் கொடுத்தான். இருபத்திரண்டு வருடம் இப்படியே ஓட்டினோம்.*

(* அவனுக்கு இது தெரியுமா? ஒருமுறை சோம்பல்பட்டு, பழைய கதையின் பத்தியையே எடுத்து ஒட்டிவிட்டேன். கோட்டுக்குப் பக்கத்தில் எழுதியிருந்தான்: ‘இது போன வருஷம் அடிச்சதுதானே? புதுசா எழுதினா கை சுளுக்கிக்குமா?’)

4

சரி. இனித் தள்ளிப்போட முடியாது.

ஒரே ஒரு கதையை மட்டும் அவனிடம் காட்டாமல் அச்சுக்குக் கொடுத்தேன். லிஃப்டில் ஏறப் பயந்து, பதினான்கு மாடியையும் படியிலேயே ஏறும் ஒரு லிஃப்ட் மெக்கானிக்கின் கதை. திருகாணி படியில்தான் ஏறுவான். ஏன் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. பயமாகத்தான் இருக்கும் என்று நானே முடிவுகட்டினேன், கதைக்கு அதுதான் வாகாக இருந்தது. காட்டினால் வேண்டாம் என்பான் என்று தெரியும். அதனால்தான் காட்டவில்லை. (இந்த வாக்கியத்தை மூன்று முறை மென்மையாக்கிப் பார்த்து, மூன்று முறையும் பழையபடியே வைத்தேன்.)

கதைக்கு நல்ல பெயர் கிடைத்தது. அவன் வேலையிடத்தில் யாரோ அதைக் கிழித்துக் கொண்டுபோய் மெஷின் ரூம் சுவரில் ஒட்டி, மேலே ‘நம்ம பயந்தாங்கொள்ளி’ என்று எழுதிவிட்டார்கள். விஷயம் மேலாளர் காதுக்குப் போனது. பயந்த ஆளை உயரமான கட்டடத்தில் வைக்க முடியாது என்று அவனைக் குடோனுக்கு மாற்றினார்கள். எட்டு மாதம் அவன் அங்கே பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை வருவதை நிறுத்திவிட்டான். நான்காவது வாரம் நானே அவன் வீட்டுக்குப் போனேன். அவன் இல்லை. அவன் மனைவிதான் எல்லாவற்றையும் சொன்னாள்.

“ஏன் படியில ஏறுறாருன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே அண்ணே. ஒவ்வொரு மாடியிலயும் நின்னு, லிஃப்ட் தாண்டிப் போற சத்தத்தைக் கேப்பாரு. எங்க உரசுது, எது லூசாயிருக்குன்னு அதுலயே தெரிஞ்சிருமாம். உள்ள நின்னா அது கேக்காதாம்.”

ஒன்பது வயதிலிருந்து பழகியவன். எது எதில் நிற்கிறது என்று பார்க்காமல் இருக்க முடியாதவன். எனக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

பன்னிரண்டாவது ஞாயிறு அவனே வந்தான். “என்ன புளுகியிருக்க, குடு,” என்றான். நான் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன்.

“டீ இருக்கா?” என்றான்.

இருந்தது. குடித்தோம். பேச்சு அதோடு முடிந்தது. அதற்குப் பிறகு பதினாறு வருடம், எனக்கு அந்த வாய் திறக்கவே இல்லை.

5

போன மாதம் அவனிடம் கொடுத்த கதையில், அவன் அடிப்பதற்கென்று வைக்கும் பத்தியில், நிலாவுக்குப் பதிலாக மன்னிப்பை எழுதினேன். எப்படியும் அடிப்பான். அடிக்க வேண்டுமானால் படித்தாக வேண்டும். படித்துவிட்டு, “இது வேணாம்டா,” என்பான். எனக்கு அந்தக் கோடு வேண்டியிருந்தது. அதுதான் அவன் மன்னித்ததற்கு அடையாளம் என்று வைத்துக்கொள்ளத் திட்டம். (நேரில் கேட்க என்ன என்கிறீர்களா? எங்கள் இருவரில் யார் பயந்தாங்கொள்ளி என்று இப்போது தெரிந்திருக்கும்.)

வியாழக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டு வாளியில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு.

கதையை அவன் மகள் கொண்டுவந்து கொடுத்தாள். அவள் எனக்கும் மகள்தான். அவன் என்னைவிட இரண்டு மாதம் மூத்தவன் என்ற ஒரே காரணத்தால், தலை முழுக்க நரைத்தபிறகும் நான் அவளுக்குச் சித்தப்பா. கதையோடு ஒரு துண்டுப் பென்சிலும் இருந்தது. வாளிக்குப் பக்கத்தில் கிடந்ததாம்.

ஒன்பது பக்கம். முதல் எட்டிலும் ரேகை இருந்தது. ஒன்பதாவதில் ரேகையும் இல்லை, கோடும் இல்லை. அலமாரியிலிருந்து பழைய கதைகளையெல்லாம் இறக்கிப் பார்த்தேன். எதிலுமே கடைசிப் பக்கத்தில் ரேகை கிடையாது, அதைப் புரட்ட வேண்டியதில்லையே. ஆக, எட்டைப் புரட்டிவிட்டு ஒன்பதுக்கு வந்திருக்கிறான். அந்தப் பக்கத்தில் எவ்வளவு தூரம் வந்தான் என்பதுதான் எனக்குத் தெரியவில்லை. தூங்கி எழுந்தால் அதே கேள்விதான்.

6

முடிவு ஒன்று: கடைசிப் பத்திக்கு வருவதற்குள் போய்விட்டான். நான் கேட்டதே அவனுக்குத் தெரியாது.

முடிவு இரண்டு: படித்தான். பதினாறு வருடம் கழித்து, அதுவும் ஒரு கதைக்குள் ஒளிந்துகொண்டு கேட்கிறானே என்று வெறுத்துப்போய்ப் பென்சிலைக் கீழே போட்டான். (இதை நான் நம்பவில்லை. கோபம் வந்தால் அவன் இரண்டு கோடு போடுவான்.)

மூன்றாவது முடிவு என்னுடையது இல்லை. ஒன்பதாம் பக்கத்தை மகளிடம் காட்டி, “அப்பா ஏதாவது சொன்னாராம்மா?” என்று கேட்டேன். அவள் நின்றபடியே படித்தாள்.

“ஒண்ணும் சொல்லலையே சித்தப்பா. ஆனா அடிக்காம விட்டிருக்காருன்னா, பிடிச்சிருந்துச்சுன்னுகூட இருக்கலாமே. உங்க கதையிலேயே அவருக்குப் பிடிச்ச ஒரே கடைசிப் பத்தியா இருக்கும்.”

முப்பது வருடம் கோடு வாங்கிய எனக்கு இது தோன்றவே இல்லை. அழுதுவிட்டேன். வாய்விட்டு, அசிங்கமாக அழுதேன். அவள் உள்ளே போய் டீ போட்டுக்கொண்டு வந்தாள்.

7

சுவருக்கான பக்கத்தை மறுநாள் எழுதிக் கொடுத்தேன். ஒரு பக்கம்கூட வரவில்லை, மூன்று வரிதான்.

‘இவர் படியில்தான் ஏறுவார். ஒவ்வொரு மாடியிலும் நின்று, லிஃப்ட் போகும் சத்தத்தைக் கேட்பார். உள்ளே நின்றால் அது கேட்காது.’

சூப்பர்வைசர் படித்தார். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். “போன தடவை ஒட்டுனதும் நான்தான் சார்,” என்றார்.

கதை இங்கே முடிந்துவிட்டது. கதவு மூடியாயிற்று, எனக்கே தெரிகிறது. ஆனால் பழக்கம் விடமாட்டேன் என்கிறது. ஒன்பதாம் பக்கத்துப் பத்தியை அப்படியே கீழே வைக்கிறேன். எவ்வளவு முயன்றும் அது எழுத்து நடையில் வரவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள். பென்சில் இப்போது உங்கள் கையில் இருக்கிறது. அடித்தாலும் சரி, விட்டாலும் சரி. முழுக்கப் படித்துவிட்டுச் செய்யுங்கள்.

டேய் திருகாணி, உன்னைக் கேக்காம உன்னைப் பத்தி எழுதிட்டேன். நீ பயந்தவன் இல்லன்னு எனக்குத் தெரிஞ்சிருக்கணும். அந்த எட்டு மாசத்தை என்னால திருப்பித் தர முடியாது. மன்னிச்சிருடா. இதையும் அடிச்சிட்டு ஞாயித்துக்கிழமை வா. டீ இருக்கு.