கட்டம் நிரம்பினால் சாவி

"ஒரு கட்டமாவது காலியா இருக்காடி, சொல்லு…"

"காலியா இல்லம்மா, குப்பையா இருக்கு! 'டபூழி'ன்னு ஒரு வார்த்தை எந்த ஊர்ல…"

"நீ காலியா இருக்கான்னுதானே பார்ப்பே? நின்னுக்கிட்டே ஒரு பார்வை, ஒரு சபாஷ், பையை மாட்டிக்கிட்டு ஆபீஸ். இன்னைக்கு என்ன திடீர்னு கரிசனம்?"

மகள் நேற்றைய பேப்பரையும் இன்றையதையும் சாப்பாட்டு மேசையில் அருகருகே விரித்து, இன்று வந்திருந்த விடைகளைப் பார்த்துப் பார்த்து நேற்றைய குறுக்கெழுத்தைச் சிவப்புப் பேனாவால் அடித்துக்கொண்டிருந்தாள். மேல்பாதி சரி. கீழ்ப்பாதியில் அம்மா வாய்க்கு வந்த எழுத்துகளையெல்லாம் கட்டத்துக்கு ஒன்றாகத் திணித்திருந்தாள்.

அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து பேச்சு போய்த் திரும்பியிருந்தது. சண்டை போடும்போது தடங்கலில்லாமல் கொட்டும்; பார்த்துப் பழகிய சாமான்களின் பெயர்கள்தான் கண்ணாமூச்சி ஆடும். குறுக்கெழுத்து போட்டால் நல்லது என்று டாக்டர் போகிற போக்கில் சொன்னதை மகள் சட்டமாக்கிவிட்டாள். ஒரு வாரம் தவறாமல் கட்டம் நிரம்பினால் அம்மாவின் வீட்டுச் சாவி அம்மா கையில். அதுவரை மகளின் கைப்பையில். வீடு இரண்டு தெரு தள்ளித்தான். தன் வீட்டில் தான் படுக்க, பெற்ற பெண்ணிடம் பரீட்சை எழுத வேண்டியிருக்கிறதே என்று அம்மாவுக்கு வயிறு எரிந்தது.

"சரி, இன்னைக்கு உள்ளதை என் கண் முன்னாடி போடு. நான் படிக்கறேன்."

"படிங்க, இன்ஸ்பெக்டரம்மா."

"இடமிருந்து வலம், ஒண்ணு. மழைக்கும் விரிப்பாங்க, வெயிலுக்கும் விரிப்பாங்க. ரெண்டு எழுத்து."

அம்மாவுக்கு அது நன்றாகத் தெரிந்தது. கறுப்புத் துணி, வளைந்த பிடி, ஒரு கம்பி ஒடிந்தது. கதவுக்குப் பின்னால் தொங்கிக்கொண்டே இருந்தது. பெயர் மட்டும் தொண்டைவரை வந்து திரும்பிப் போனது. மோவாயால் கதவைக் காட்டினாள்.

"காட்டாதே. சொல்லு."

"அதான்டி… அது…"

"சொல்லும்மா."

அம்மாவின் வலது கை மேசைக்கு மேலே தானாக எழும்பி, காற்றில் எதையோ விரித்தது. மகள் அதைப் பார்த்துவிட்டு, கைப்பையின் ஜிப்பைச் சர்ரென்று இழுத்து மூடினாள்.

"ரெண்டு எழுத்தும்மா! இதுவே வரலை. அங்கே தனியா விழுந்து கிடந்தா யாரைக் கூப்பிடுவே, எப்படிக் கூப்பிடுவே?"

அம்மா பேப்பரை வெடுக்கென்று பிடுங்கினாள். ஓரம் கிழிந்தது.

"கீழிருந்து மேல், ஒன்பது. சிங்கத்தோட பிள்ளை. மூணு எழுத்து. நீ சொல்லு."

"குட்டி."

"எண்ணு."

மகள் விரலை மடக்கிப் பார்த்தாள். கு, ட், டி. "மூணுதானே!"

"மூணுதான். இடமிருந்து வலமா வர்ற 'குதிரை'யோட 'கு'தான் கீழே முதல் எழுத்து, நடுவிலே 'ரு' விழுது. எங்கே, உன் குட்டியை அதுல நுழை பார்க்கலாம்."

மகள் பேப்பரைத் தன் பக்கம் திருப்பினாள். உதடுகள் அசைந்தன. பேனாவின் மூடியைக் கடித்தாள்.

"தெரியல. இப்போ அதுக்கு என்னங்கறே?"

"குருளை. பள்ளிக்கூடத்துல ராகம் போட்டுப் படிச்சே." அம்மா கைப்பையை நோக்கிக் கையை நீட்டினாள். "உனக்கும்தான் வார்த்தை வரலை. உன் வீட்டுச் சாவியை யார்கிட்டே குடுத்து வைக்கலாம், சொல்லு?"