பினாயில் நெடி

வங்கியில் கடன் பிரிவு என்னுடையது. தையல் கடை வைக்கக் கடன் கேட்டு ஒரு அம்மா வந்திருந்தார். காகிதங்களில் ஒரு குறையும் இல்லை. ஆனாலும் எனக்கு என்னவோ ஒட்டவில்லை. "ஆளைப் பார்த்தா நம்பிக்கை வரலை சார்" என்று மேலாளரிடம் சொல்லி விண்ணப்பத்தைத் தள்ளிவிட்டேன். இருபது வருஷமாக ஆட்களை எடை போடுகிறவன் என்ற திமிர் வேறு.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால், மகள் புதிதாக ஒரு பினாயில் வாங்கித் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நெடி மூக்கில் ஏறியதும் வாசற்படியிலேயே நின்றுவிட்டேன். என் மனைவி உயிரை விட்ட ஆஸ்பத்திரி வார்டின் நெடி. காலையில் அந்த அம்மாவின் சேலையிலிருந்து வீசியதும் இதேதான்.

"என்னப்பா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க?"

விண்ணப்பத்தில் படித்தது நினைவுக்கு வந்தது. இப்போதைய வேலை: ஆஸ்பத்திரித் துப்புரவு.

இந்த நெடியிலிருந்து தப்பிக்கத்தான் அவரும் கடன் கேட்டிருக்கிறார்.