கதவுள்ள அறை

விடியும்போதே மருத்துவமனையின் ஊசி அறையில் வேலை தொடங்கிவிடும். கழுவிவிட்ட தரை காய்வதற்குள் வாசலில் வரிசை நிற்கும். கட்டு அவிழ்க்க வேண்டும், சீழ் துடைக்க வேண்டும், ஊசி போட வேண்டும், மறுபடி கை கழுவ வேண்டும். மூத்த நர்ஸின் விரல்கள் சோப்பில் ஊறி வெடித்திருந்தன. உட்கார நாற்காலி கிடையாது.

பின்பக்கத்து அறையில் சின்ன நர்ஸுக்கு நாற்காலி இருந்தது. மின்விசிறி இருந்தது. சாத்திக்கொள்ளக் கதவும் இருந்தது. மனச்சோர்வில் விழுந்தவர்களை வாராவாரம் வரவழைத்துப் பேசுவாள். மாத்திரையைப் பாதியில் நிறுத்தாமல் பார்த்துக்கொள்வாள். வராதவர்களைப் போனில் கூப்பிடுவாள். வெளியே வருகிறவர்கள் அவள் கையைப் பிடித்துக்கொள்வார்கள். மூத்தவளிடம் வந்தவர்களோ இடுப்பைத் தேய்த்துக்கொண்டே போய்விடுவார்கள்.

பார்க்கும்போதெல்லாம் மூத்தவளுக்கு வயிறு எரிந்தது. ஒருநாள் மேலாளர் காதில் விழும்படியே சொன்னாள்: "உக்காந்து கதை பேசவும் சம்பளம். குடுத்து வச்சவ."

மேலாளர் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். சில நாளில் அந்த அறைக்குப் பூட்டு விழுந்தது. அங்கே கட்டணப் பரிசோதனைக்கூடம் வரப்போகிறதாம். சின்னவளை ஊசி அறைக்கு அனுப்பினார். 'வா, நீயும் நின்னு பாரு' என்று மூத்தவளுக்கு உள்ளூர ஒரு குளிர்ச்சி.

பிறகொரு காலையில் சலவைக்கூடத்துப் பெண் ஒருத்தி வந்தாள். சின்னவளிடம் வந்து, தேறி, வேலைக்குத் திரும்பியிருந்தவள். இப்போது தலைகூட வாரவில்லை. பூட்டைப் பார்த்துவிட்டு ஊசி அறைச் சுவரோரம் வந்து நின்றாள். என்ன ஊசி என்று கேட்டதற்கு மறுபடி பூட்டைத் திரும்பிப் பார்த்தாள். மனதைத் தைரியமாக வைத்துக்கொள்ளச் சொன்னாள் மூத்தவள். பிள்ளைகளை நினைத்துப் பார்க்கச் சொன்னாள். அந்தப் பெண் தலையாட்டிவிட்டு வாசலுக்குத் திரும்பினாள்.

சின்னவள் கட்டுத்துணியைப் போட்டுவிட்டு ஓடினாள். அந்தப் பெண்ணை மருந்து அலமாரிக்குப் பின்னால் கூட்டிப்போய் உட்கார வைத்து, தானும் தரையில் உட்கார்ந்தாள்.

"செத்துப்போயிடலாம்னு தோணுதாம்மா?"

மூத்தவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. இப்படியா கேட்பார்கள்? ஆனால் அந்தப் பெண் ஆமாம் என்றாள். அதற்குப் பிறகுதான் அழுகையே வந்தது. சின்னவள் அவசரப்படவில்லை. என்ன செய்ய நினைத்தாள், வீட்டில் யார் இருக்கிறார்கள், மாத்திரை எப்போது நின்றது என்று கேட்டுத் தெரிந்துகொண்டாள். டாக்டரைக் கூப்பிட்டாள். அந்தப் பெண்ணின் அக்காவை வரவழைத்து, தனியே விடக்கூடாது என்று சொல்லி ஒப்படைத்தாள். அவர்கள் போனதும் சின்னவள் அலமாரியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். சீருடை முதுகோடு ஒட்டியிருந்தது.

மூத்தவளுக்கு நாற்காலி மறந்தே போயிற்று. அந்தக் கேள்வி தன் வாயில் வரவில்லையே என்று இப்போது எரிந்தது.

வரிசை நின்றுபோனதற்காக மேலாளர் வந்து சத்தம் போட்டார். பூட்டைத் திறக்கச் சொன்னாள் மூத்தவள்.

"கதை பேசுறாங்கன்னு நீங்கதானேம்மா சொன்னீங்க?"

"வயித்தெரிச்சல்ல சொன்னேன் சார். என் வயித்தெரிச்சல வச்சு நீங்க பூட்டுப் போடாதீங்க."

"அப்ப இங்க ஊசி யாரு போடுறது?"

"ஆளப் போடுங்க. ரெண்டும் வேலைதான்."

வேலை போய்விடும் என்றார் அவர். மருந்து கொடுப்பவர் சன்னலை விட்டு எழுந்து வந்து நர்ஸுகளோடு நின்றார். துப்புரவுப் பெண் வாளியைக் கீழே வைத்தாள். வரிசையிலிருந்த லாரி ஓட்டுநர், அந்த அறைக்குத் தானும் வருகிறவன்தான் என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். மேலிடத்தில் கேட்க வேண்டும் என்று முனகிக்கொண்டே மேலாளர் நகர்ந்தார்.

பூட்டு அப்படியே தொங்கியது. மறுநாள் மேலிடத்துக்கு எல்லோரும் சேர்ந்தே போவதென்று பேசி முடித்தார்கள். மூத்தவள் கை கழுவிவிட்டு அடுத்த ஊசியை எடுத்தாள். லாரி ஓட்டுநர் சட்டைக் கையை மடித்துவிட்டபடி கேட்டார்:

"நாளைக்கு எத்தன மணிக்கும்மா கெளம்புறீங்க? நானும் வர்றேன்."