வீராயிக்குச் சொல்லிக் கொடுத்த வாக்கியம்

அட்டைப் பெட்டிகளை அடுக்கி, அதன் மேல் சாய்த்து வைத்திருந்த போர்டில் 'ஹெல்ப்' என்று எழுதிவிட்டுத் திரும்பினேன். கேன்டீன் தரையில் பதினாறு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். சாப்பாட்டு நேரத்தில் பாதியை எனக்காக வெட்டியிருந்தார்கள். சிலர் இன்னும் கையைக்கூடத் துடைக்கவில்லை.

தட்டாஞ்சாவடியில் சாக்லேட் போடுகிற தகர டப்பா செய்யும் கம்பெனி அது. டப்பாக்களை வாங்குகிற பிரான்ஸ் கம்பெனியிலிருந்து வருஷத்துக்கு ஒரு முறை ஒரு அம்மா பார்க்க வருவார். எந்தத் தொழிலாளியிடமும் நின்று எதை வேண்டுமானாலும் கேட்பார். அதனால் அவர் வருவதற்கு முன் மூன்று வாரம் இந்தப் பெண்களுக்கு இங்கிலீஷ் வகுப்பு நடக்கும். ரெட்டியார்பாளையத்தில் டியூஷன் எடுக்கிற நான்தான் நாலு வருஷமாக வாத்தியார். வகுப்பு என்று பெயர், அவ்வளவுதான். பதில்களை மேனேஜர் வினோத்குமார் எழுதித் தருவார். நான் மனப்பாடம் பண்ண வைப்பேன். ஆனாலும் வாத்தியார் புத்தி போகாது. ஏதாவது ஒரு வார்த்தையையாவது உருப்படியாகச் சொல்லித் தரலாம் என்று தோன்றும்.

"இது ரொம்ப வசதியான வார்த்த. வினைச்சொல்லாவும் வரும், பெயர்ச்சொல்லாவும் வரும். ஹெல்ப் மீன்னா எனக்கு உதவி பண்ணு. ஐ நீட் ஹெல்ப்னா எனக்கு உதவி வேணும்."

"சார், எம் புருஷன் வீட்டுல ஒரு துரும்பக்கூட நகத்தமாட்டான். அது எந்தச் சொல்லு?" என்றாள் கன்னியம்மாள். பேக்கிங்கில் இருப்பவள். அவள் வாயைத் திறந்தாலே மற்றவர்கள் சிரிக்கத் தயாராகிவிடுவார்கள்.

"அது கெட்ட சொல்லு" என்றேன். சிரித்தார்கள். அந்த உற்சாகத்தில் மேனேஜர் தாளில் இல்லாத ஒன்றையும் சொன்னேன். "ஐ குட் நாட் ஹெல்ப் இட்னு ஒண்ணு இருக்கு. என்னால வேற ஒண்ணும் பண்ண முடியலன்னு அர்த்தம்."

"தப்பு பண்ணிட்டுச் சொல்றதா சார்?"

"பெரும்பாலும் அப்பதான் சொல்லுவாங்க."

கடைசி வரிசையில் வீராயி மட்டும் சிரிக்கவில்லை. இடது கையால் எழுத்துகளைக் குழந்தை மாதிரி ஒவ்வொன்றாக வரைந்துகொண்டிருந்தாள். வலது கை முந்தானைக்குள் இருந்தது. நாலு மாதத்துக்கு முன், தகரத்தை அழுத்தி வெட்டுகிற பிரஸ் மெஷினில் அந்தக் கையின் இரண்டு விரல்கள் போய்விட்டன. மெஷினுக்கு முன்னால் ஒரு தடுப்பு இருக்க வேண்டும். அது இருந்தால் வேலை மெதுவாக நடக்கிறது என்று கழற்றி வைத்திருந்தார்கள். இது அங்கே எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் கம்பெனி ரிஜிஸ்டரில், வீட்டில் மீன் நறுக்கும்போது அரிவாள்மனையில் பட்டது என்று எழுதியிருந்தது. ஆஸ்பத்திரியில் மயக்கம் முழுசாகத் தெளிவதற்குள் அவளிடம் கைநாட்டு வாங்கிவிட்டார்கள். மீனவர் குப்பமான வைத்திக்குப்பத்துக்காரி என்பதால் மீன் என்று எழுதுவது சுலபமாக இருந்திருக்கும்.

வகுப்பு முடிந்து எல்லாரும் போனபின் அவள் நின்றாள்.

"சார், எனக்கு ஒரே ஒரு வரி இங்கிலீஷ்ல சொல்லித் தரணும்."

"என்ன வரி?"

"தடுப்பு இல்லாத மெஷின்ல எம் விரலு போச்சு, மீன் வெட்டிப் போவலன்னு. அந்த அம்மாகிட்டச் சொல்லணும்."

"தமிழ்லயே சொல்லலாமே வீராயி."

"தமிழ்ல சொன்னா அத இங்கிலீஷ்ல எடுத்துச் சொல்றது யாரு? மேனேஜருதான். அவரு வாயில பூந்து வந்தா அது வேற ஒண்ணா வரும். நேரா நானே சொல்லிட்டா மாத்த முடியாதுல்ல?" முந்தானையை விலக்கிக் கையைப் பார்த்துக்கொண்டாள். "மெஷின்ல போச்சுன்னு எழுதினாத்தான் சார் ஈ.எஸ்.ஐ.ல பென்ஷனுக்குப் போவ முடியும். அதக்கூட உடுங்க. பதினோரு வயசுலேர்ந்து மீன் வெட்டுறேன். எனக்கு மீன் வெட்டத் தெரியலன்னு எழுதி வெச்சிருக்கானுங்க."

நாளைக்கு எழுதித் தருகிறேன் என்றேன். அப்போது நிஜமாகவே அப்படித்தான் நினைத்தேன். அந்த வாக்கியம் ஸ்கூட்டரை எடுக்கும்போதே மனதில் தயாராகிவிட்டது. சின்ன வாக்கியம். எந்தப் பிழையும் இல்லை.

கேட்டில் செக்யூரிட்டி நிறுத்தினான். மேனேஜர் கூப்பிடுகிறாராம்.

வினோத்குமார் நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். டீ வந்தது. "வீராயி தனியா ஏதோ டவுட் கேட்டாளாமே சார்?"

நான் டீயைக் குடித்தேன்.

"கேக்கட்டும். ஆர்வமான பொண்ணு. அவளையும் அந்தம்மாகிட்டப் பேச வெச்சிடுங்க. கை அடிபட்டப்ப கம்பெனி ஹெல்ப் பண்ணிச்சுன்னு சொல்லட்டும். ஹெல்ப்ங்கற வார்த்த கண்டிப்பா வரணும். அவங்களுக்கு அது ரொம்பப் புடிக்கும்." மேசை மேலிருந்த ஒரு ஃபைலை என் பக்கம் திருப்பி வைத்தார். என் மகள் மெரினின் பயோடேட்டா. நான்தான் போன மாதம் கொடுத்தேன். "உங்க பொண்ணு பி.காம்.ல நல்ல மார்க்கு எடுத்திருக்கு சார். ஆபீஸ்ல ஒரு எடம் இருக்கு. இந்த விசிட் நல்லபடியா முடியட்டும்."

மிரட்டவில்லை. மிரட்டியிருந்தால் எனக்குக் கோபமாவது வந்திருக்கும்.

வீட்டில் என் மனைவி புஷ்பமேரி தட்டை வைத்தபடியே கேட்டாள். "மேனேஜரப் பாத்தீங்களா? மெரின் விசயம் என்னா சொன்னாரு?"

"கெடைக்கும்போலத்தான் தெரியுது."

"மாதாவே" என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். இரண்டு வருஷமாக வேலை தேடிக்கொண்டிருந்த மெரின் உள்ளே இருந்து எட்டிப் பார்த்தாள். அவள் முகத்தைப் பார்த்தபின் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை என்று எழுதினால் பொய். நன்றாகத்தான் சாப்பிட்டேன்.

அதற்குப் பிறகு உட்கார்ந்து எழுதினேன். வாழ்க்கையில் எந்த வாக்கியத்தையும் அவ்வளவு யோசித்து எழுதியதில்லை. வீராயிக்குத் தெரிந்த வார்த்தைகள் எவையெவை என்று எனக்குத் தெரியும், நான்தானே சொல்லிக் கொடுத்தேன். முதலில் 'தேங்க்ஃபுல்' என்று எழுதினேன். தேங்க்ஸ் அவளுக்குத் தெரியும் என்று அடித்துவிட்டு 'கிரேட்ஃபுல்' என்று மாற்றினேன். ஹெல்ப்பை மட்டும் எடுக்க முடியவில்லை.

மறுநாள் தமிழ் எழுத்தில் அவள் நோட்டில் எழுதிக் கொடுத்தேன். 'வென் மை ஹேண்ட் வாஸ் ஹர்ட், தி கம்பெனி ஹெல்ப்டு மீ. ஐ ஆம் வெரி கிரேட்ஃபுல்.'

விரல் வைத்துப் படித்தாள். "மெஷின்னு வரலியே சார்? மெஷின் எனக்குத் தெரியுமே."

"இங்கிலீஷ்ல அத வேற மாதிரி சொல்லுவாங்க."

"ஹெல்ப்பு வருதே?"

"அவங்க கம்பெனிகிட்ட உதவி கேக்கறோம்ல, அதுக்கு."

"ஆங்" என்றாள். வேறு எதுவும் கேட்கவில்லை. வாத்தியார் சொன்னால் சரியாக இருக்கும்.

ஒரு வாரம் அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். கூட்டும்போது, லேபிள் ஒட்டும்போது, ஷேர் ஆட்டோவில். "தூக்கத்துலயும் இங்கிலீஷு பேசுறாளாம், வெள்ளக்காரி" என்று கன்னியம்மாள் கேலி பண்ணினாள். கிரேட்ஃபுல் முதலில் வாயில் சிக்கியது. நான்தான் பிரித்துப் பிரித்துச் சொல்லி நாக்கைப் பழக்கினேன்.

அந்த அம்மா வந்த அன்று பெண்கள் வரிசையாக நின்று பிரெஞ்சில் 'பொன்ழூர்' என்று வணக்கம் சொன்னார்கள். தடுப்புகள் எல்லாம் மெஷின்களில் திரும்ப மாட்டப்பட்டு, புதுப் பெயின்ட் வாசனை அடித்தது. வீராயி வரிசையிலிருந்து ஒரு அடி முன்னால் வந்தாள். முந்தானையை விலக்கினாள். மூன்று விரல் கையை அந்த அம்மாவின் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, மேனேஜரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், ஒரு எழுத்துப் பிசகாமல் சொன்னாள். கடைசி வார்த்தையில் குரல் உடைந்தது. அந்த அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. இரண்டு கையாலும் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். போட்டோ எடுத்தார்கள். பிறகு அவர் தன் டைரியில் ஏதோ எழுதினார்.

அவர் எழுதுவதைப் பார்த்துவிட்டு வீராயி கூட்டத்தில் என்னைத் தேடினாள். சொல்லிட்டேன் சார் என்று அந்த முகம் சொன்னது. நான் தலையசைத்தேன்.

அடுத்த மாதம் மெரின் வேலையில் சேர்ந்தாள். அந்தப் போட்டோவைப் பெரிதாக்கிக் கம்பெனி கேட்டுக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தார்கள். என் வாக்கியம் கீழே இங்கிலீஷில் அச்சாகியிருந்தது. போட்டோவின் கண்ணாடியைத் துடைக்கிற வேலை வீராயிக்கு.

வகுப்புச் சம்பளம் வாங்கப் போனவனை அங்கே நிறுத்தினாள். "பதிலு எப்ப சார் வரும்?"

"வரும். வெளிநாடுல்ல."

"சரி." துணியைப் பிழிந்தாள். "ஒண்ணு கேக்கணும் சார். அம்மாம் பெரிய விசயத்தச் சொல்லிட்டேன். மேனேஜரு ஏன் என்னப் பாத்தா சிரிக்கிறாரு? பொங்கலுக்கு எனக்கு மட்டும் தனியா ஸ்வீட் பாக்ஸ் குடுத்தாரே?"

அவசர வேலை இருக்கிறது என்று வண்டியைக் கிளப்பினேன்.

நேற்று பதினோரு மணிக்கு டியூஷன் ரூமைப் பெருக்கிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. மெரின். ஆபீசிலிருந்து.

"அப்பா, வீராயி அக்கா ஒரு நோட்டக் கொண்டாந்து காட்டுறாங்க. இதுக்குத் தமிழ்ல என்னா அர்த்தம்னு வார்த்த வார்த்தையாச் சொல்லச் சொல்றாங்க. உங்க கையெழுத்து மாதிரி இருக்கு." குரலைத் தாழ்த்தினாள். "எதுக்கால நிக்கிறாங்கப்பா. என்னா சொல்லட்டும்?"

நான் போனைக் காதில் வைத்தபடி நின்றேன். மெரினுக்குப் பின்னால் பிரஸ் மெஷின் விழுந்து எழும் சத்தம் கேட்டது. விழுந்தது, எழுந்தது, மறுபடி விழுந்தது.