வீட்டைக் காட்டிய ஊசிகள்

1959ஆம் ஆண்டு மழைக்காலத்தில், மட்டாஞ்சேரி பஜாரை ஒட்டியிருந்த தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் செய்த காந்த ஊசிகள் எதுவும் வடக்கைக் காட்டவில்லை. ஒவ்வொன்றும் அதைத் தேய்த்த பிள்ளையின் வீடு இருந்த பக்கம் திரும்பி நின்றது. அந்த வாரம் மிளகு விலை சற்று இறங்கியிருந்ததால், பஜாரில் இதைப் பற்றிப் பேச ஆட்களுக்கு நேரம் இருந்தது.

பாலக்காட்டிலிருந்து வந்த ஜுமைலா டீச்சருக்கு அது முதல் வேலை. பி.எஸ்ஸி. படித்தவள்; கேட்டதற்கு மேல் ஒரு வார்த்தை பேசமாட்டாள். நியமனம் தற்காலிகம்தான். இன்ஸ்பெக்டர் வந்து வகுப்பைப் பார்த்து நல்லபடியாக எழுதினால் வேலை நிரந்தரமாகும். இல்லையென்றால் ஊருக்குத் திரும்பி, அத்தா பேசிவைத்திருந்த ஜவுளிக்கடைக்காரருக்குக் கழுத்தை நீட்ட வேண்டும். அவருக்கு வயது அத்தாவைவிடச் சற்றுக் குறைவு. பள்ளியில் ஒரு விஞ்ஞான அலமாரி இருந்தது. அதிலிருந்த எதுவும் உடைந்ததில்லை, ஏனென்றால் அதை யாரும் திறந்ததில்லை. தலைமையாசிரியர் செல்லதுரை ஆண்டுதோறும் சாமான்களைக் கண்ணாடி வழியாகவே எண்ணிக் கையெழுத்துப் போடுவார். பிள்ளைகள் கையால் செய்து பார்க்காத பாடம் பாடமில்லை என்று ஜுமைலா நினைத்தாள், ஆனால் சாவியைக் கேட்கக் கூச்சப்பட்டாள். ஆகவே மிளகுக் கிடங்கில் மூட்டை கட்டுவதற்கு முன் ஆணிகளைப் பொறுக்கி எடுக்க வைத்திருந்த காந்தத்தை இரவல் வாங்கினாள். பிள்ளைகள் தையல் ஊசிகளைத் தேய்த்து, தக்கைத் துண்டில் வைத்து, பீங்கான் தட்டுத் தண்ணீரில் மிதக்கவிட்டார்கள்.

முதலில் பிழை தன்னுடையது என்றே நினைத்தாள். ஆணி அடித்த பெஞ்சுகளை வெளியே எடுத்துப்போட்டாள், தண்ணீரை மாற்றினாள், ஊசிகளையும் மாற்றினாள். ஊசிகள் அவரவர் வீட்டையே பார்த்தன. நகராட்சித் துப்புரவுத் தொழிலாளி சுடலைமுத்துவின் மகள் ஓமனாவின் ஊசி மட்டும் எங்கும் நிற்காமல் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. சாலையை அகலப்படுத்த அவர்கள் குடியிருப்பை இடித்திருந்தார்கள். குடும்பமே சொந்தக்காரர் வீட்டுக் கூரை இறவாணத்தின் கீழ் படுத்துக்கொண்டிருந்தது. படகுத்துறைப் பக்கம் ஓர் அறை வாடகைக்குக் கிடைத்த அன்று ஊசியும் நின்றது. "நின்னுட்டு டீச்சரே," என்றாள் ஓமனா, காய்ச்சல் விட்டதைச் சொல்வதுபோல.

அடுத்த ஆண்டு சிக்கல் மிளகுத் தரகர் கபீரால் வந்தது. மகன் வீட்டுக்குக் கொண்டுவந்த ஊசியைக் கேலி செய்தவர், வேடிக்கைக்குத் தானும் ஒன்றைத் தேய்த்துத் தட்டில் விட்டார். சொந்த வீட்டுக் கூடத்துக்குள் பையனுடைய ஊசி எந்தப் பக்கமும் அக்கறையில்லாமல் மிதந்தது. கபீருடையதோ தெற்கே கும்பளங்கியைப் பார்த்து அசையாமல் நின்றது. அவர் மனைவி ரபியா சாயா கிளாசைக் கீழே வைத்தாள்.

"கும்பளங்கியில மீன் குளம்தானே வாங்கியிருக்குன்னு சொன்னீங்க. குளத்துக்குள்ளயா வீடு?"

மறுநாள் அந்தப் பக்கம் போன வள்ளத்தில் அவருடைய தலையணையை ஏற்றிவிட்டாள். அந்த டீச்சர் விஞ்ஞானத்துக்கு விரோதமாகப் பாடம் நடத்துகிறாள் என்று கபீர் கல்வி அலுவலகத்துக்கு மனுப்போட்டார்.

இன்ஸ்பெக்டர் வரும் தேதி தெரிந்ததும் செல்லதுரை ஜுமைலாவைக் கூப்பிட்டார். "டீச்சரே, நம்ம பிள்ளைங்களுக்கு வீட்டுக்குப் போக வழி தெரியாமலா கிடக்கு? ஒரே ஒரு ஊசி, அந்த மனுசன் முன்னால வடக்கே பார்த்து நிக்கட்டும். நீங்களும் ரட்சப்படுவீங்க, நானும் ரட்சப்படுவேன்."

ஜுமைலா உச்சி வெயிலில் கொடிக்கம்பத்தின் நிழலை அளந்து வகுப்புத் தரையில் வடக்கு நோக்கிச் சாக்குக்கட்டியால் கோடு கிழித்தாள். பிறகு குடையை விரித்துக்கொண்டு அந்தக் கோட்டின் திசையிலேயே நடந்தாள். மிளகுக் கிடங்கு, கயிற்றுக்கடை, ஒரு சாயாக்கடை எல்லாம் தாண்டி, கோடு ஓமனாவின் வாடகை அறை வாசலில் போய் முட்டியது. அவளுடைய அம்மா காளியம்மை கப்பைக்கிழங்கு அவித்துக்கொண்டிருந்தாள். ஜுமைலா ஒரு துண்டு வாங்கித் தின்றுவிட்டுத் திரும்பினாள். அன்றிரவு, படிப்பு முடித்த நாளுக்குப் பின் முதன்முறையாக நிம்மதியாகத் தூங்கினாள்.

1961 பிப்ரவரியில் இன்ஸ்பெக்டர் வாஞ்சிநாதன் வந்தார். ஓமனா ஊசியைத் தேய்த்து, தக்கையில் வைத்து, தட்டில் விட்டாள். அது ஒரு சுற்றுச் சுற்றித் தெற்கே பார்த்து நின்றது. ஜுமைலாவுக்கு ஜவுளிக்கடையின் வாடை மூக்கில் ஏறியது.

"எங்களுக்கு முனிசிபாலிட்டி குவாட்டர்ஸ் கிட்டிச்சு டீச்சரே," என்றாள் ஓமனா, முகமெல்லாம் சிரிப்பாக. "பள்ளுருத்தியில. காலையில சாமானெல்லாம் கொண்டுபோயாச்சு. பைப்பு உண்டு."

"நல்லது," என்றாள் ஜுமைலா. அதை மனதாரத்தான் சொன்னாள்.

"என்னம்மா இது, தெக்கே பாக்கறது? தேய்க்கவே சொல்லிக்குடுக்கலையா?" என்றார் வாஞ்சிநாதன். "முன்னும் பின்னுமா தேய்ச்சா இப்படித்தான் ஆகும். ஒரே பக்கமா தேய்க்கணும். நகரு குழந்தே, நான் காட்டறேன்."

சட்டைக் கையை மடித்துவிட்டு அவரே புது ஊசி ஒன்றைத் தேய்த்தார். தட்டில் விட்டதும் அது நடுங்கி, திரும்பி, சாக்குக்கட்டிக் கோட்டின்மேல் ஏறக்குறையச் சரியாகப் படிந்தது. செல்லதுரை கைதட்டிவிட்டு, தட்டியது தான் இல்லை என்பதுபோல் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"சித்தே மேற்கே சாஞ்சிருக்கு," என்றார் வாஞ்சிநாதன். "அது காந்த விலக்கம். அதுக்கும் கணக்கு உண்டு."

ஜுமைலா வாழ்க்கையில் முதன்முறையாக, யாரும் கேட்காமல் வாயைத் திறந்தாள். "சாருக்கு வீடு எங்கே?"

"திருச்சூர். பூங்குன்னத்துல. இங்கேர்ந்து வடக்கே போற வண்டியைப் பிடிக்கணும். ஏன் கேக்கறே?"

"சும்மா, சார்."

காந்த ஊசி சரியாக வடக்கைக் காட்டுகிறது, மாணவர்களுக்குத் தேய்ப்பதில் மேலும் பயிற்சி தேவை, ஆசிரியை அடக்கமானவர் என்று அவர் எழுதிவிட்டுப் போனார். வேலை நிரந்தரமானது. ஜவுளிக்கடைக்காரர் அந்த ஆண்டே வேறு இடத்தில் பெண் எடுத்தார். கபீர் வாரத்தில் பாதி நாள் கும்பளங்கியில் இருந்தார். அவர் ஊசியை அதன்பின் யாரும் தண்ணீரில் விடவில்லை. பிள்ளைகள் தொடர்ந்து தேய்த்தார்கள், ஊசிகள் தொடர்ந்து வீட்டைக் காட்டின. ஆண்டுத் தேர்வில் காந்த ஊசி எந்தத் திசையைக் காட்டும் என்ற கேள்விக்கு, தேய்ப்பவர் வீட்டை, இன்ஸ்பெக்டர் தேய்த்தால் வடக்கை என்று வகுப்பு முழுவதும் எழுதியது. ஜுமைலா டீச்சர் எல்லோருக்கும் முழு மதிப்பெண் போட்டாள்.